ஆறாவது இடத்து உப்புமா

ஜன்னல் பக்கம் நீயே உட்காரும்மா. எனக்குக் காற்று ஆகாது, காது அடைத்துக்கொள்ளும். இந்தப் பையை மட்டும் உன் காலடியில் வைத்துக்கொள்கிறாயா? இதை மேலே வைக்க முடியாது. மாவடு. உப்புத் தண்ணீர் கவிழ்ந்தால் கீழே இருக்கிற பெரியவர் தலையில்தான் அபிஷேகம். மொத்தம் எட்டுப் பை. எட்டு வீடு, எட்டுப் பை. மெட்ராசுக்கு ஒருத்தி தனியாகப் போகிறாள் என்று தெரிந்தால் போதும் எங்கள் ஆட்களுக்கு, வீட்டில் மிஞ்சினதையெல்லாம் அவள் கையில் திணித்துவிடுவார்கள். இவள் எப்படித் தூக்குவாள் என்று ஒருவராவது நினைக்கிறார்களா? அதிலும் நாலு பையில் மாவடு. எனக்கு மாவடு பிடிக்கும் என்று யாரோ ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

பூரணம் என் பெயர். நேற்று மதுரையில் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். முடித்துவிட்டுத் திரும்புகிறேன். நன்றாகத்தான் நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது. மதினி புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டாள். நாதஸ்வரம்தான் கொஞ்சம்... சரி, அதை விடு.

என்ன வேலையா? ஓட்டலில். சிரிக்காதே, கரண்டி பிடிக்கிற வேலை இல்லை. கம்ப்யூட்டர். தேடல் எந்திரம் ஒன்று வைத்திருக்கிறோம், அதைக் கட்டி மேய்க்கிறேன். நீயும் அந்த மாதிரி வேலைதானா? இல்லையா? பல் டாக்டரா? நல்லதாப் போச்சு, அப்படியானால் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஆட்கள் நினைக்கிற அளவுக்கு ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை.

எங்கள் ஓட்டலுக்கு எட்டு ஊரில் கிளை. பெயர் வேண்டாம். நீ கட்டாயம் சாப்பிட்டிருப்பாய். ஒவ்வொரு ஊரிலும் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பில். அத்தனையையும் ஒரே பெட்டியில் கொட்டினால் பெட்டி திணறிப்போகும். அதனால் ஊருக்கு ஒரு மெஷின். மதுரை பில் மதுரை மெஷினில். சேலம் பில் சேலம் மெஷினில். இவர்களுக்கெல்லாம் மேலே, சென்னையில், தலைமை மெஷின் ஒன்று. அதற்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. கேட்டுச் சொல்லும், அவ்வளவுதான். சில குடும்பத் தலைவர்கள் இல்லையா, அந்த மாதிரி. ‘சாம்பாரில் முடி கிடந்தது என்று எந்த ஊரிலாவது புகார் உண்டா?’ என்று கேட்டால், எட்டுப் பேரிடமும் கேட்டு, வந்ததைக் கோத்து, கண்மூடித் திறப்பதற்குள் கொடுத்துவிடும். தேடுவதில் புலி. கூட்டுவதில்தான் ஒருமுறை எங்கள் மானத்தை வாங்கிவிட்டது.

போன ஐப்பசியில் நடந்தது அது. அடை மழை. தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

தவசிமுத்து அண்ணாச்சி என்று ஒருவர். பூந்தமல்லியில் எங்கள் கிடங்கு இருக்கிறது. எட்டு ஊருக்கும் அரிசி, உளுந்து, ரவை எல்லாம் அங்கிருந்துதான் போகும். கிடங்குக்கு அண்ணாச்சி பொறுப்பு. தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். பேசவே மாட்டார். வாயைத் திறந்தால் பாதி நேரம் தும்மலாகத்தான் இருக்கும். மிளகாய் வற்றல் மூட்டைக்கு நடுவிலேயே வாழ்கிறவர் வேறென்ன செய்வார்?

அந்த மனிதர்மேல் திருட்டுப் பட்டம். ரவை திருடிவிட்டார் என்று.

எப்படி என்றால், புரட்டாசியில்தான் நாங்கள் புது முறைக்கு மாறியிருந்தோம். அதற்கு முன் கிளைக்காரர்கள் ஆளுக்கு ஒரு கணக்கு அனுப்புவார்கள். இனிமேல் அவர்களைக் கேட்க வேண்டாம், மெஷினையே கேட்போம் என்று முதலாளி சொல்லிவிட்டார். எந்தப் பலகாரம் எவ்வளவு விற்றது என்று மெஷின் கூட்டிச் சொல்லும். அந்த அளவுக்கு எவ்வளவு சரக்குப் போயிருக்க வேண்டும் என்று ஆடிட்டர் வைத்தியலிங்கம் பார்ப்பார். அரிசி சரி. உளுந்து ஏதோ கொஞ்சம் முன்னே பின்னே. ரவை மட்டும் லாரி லாரியாகப் போயிருக்கிறது, விற்ற பலகாரத்தைக் காணோம்.

முதலாளி, ஆவுடையப்பன் என்று பெயர், அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

“ரவை எங்கய்யா போச்சு?”

“கேட்டாங்க, குடுத்தேன் ஐயா.”

“யாரு கேட்டா?”

“எல்லா ஊர்லயும் கேட்டாங்க.”

“மதுரையில மட்டும்தான்யா உப்புமா போயிருக்கு. மத்த ஏழு ஊர்லயும் ஒரு தட்டுகூட விக்கலைன்னு மெஷின் சொல்லுது. அப்ப ரவையை வாங்கி என்ன பண்ணினாங்க? செவுத்துல பூசினாங்களா?”

அண்ணாச்சி தும்மினார்.

“தும்மாதய்யா, பதில் சொல்லு!”

“மெஷினையே கேளுங்க ஐயா. நான் சொன்னா நம்பவா போறீக?”

கிளை மேனேஜர்களிடம் போன் போட்டுக் கேட்டால், ‘உப்புமா நல்லா போகுதே ஐயா’ என்கிறார்கள். அவர்களும் இதில் கூட்டு என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். ஏழு ஊரும் சேர்ந்து ரவை கடத்துகிற மாதிரி! தங்கம் கடத்துவார்கள், ரவை கடத்துவார்களா? ஆனால் அந்த நேரத்தில் அதை யார் அவரிடம் சொல்வது. வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு. அதற்குள் ரவை எங்கே போனது என்று தெரியாவிட்டால் போலீஸ். ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. அண்ணாச்சி மகளுக்குத் தலைதீபாவளி, மாப்பிள்ளை இவர் வீட்டுக்கு வருகிறான்.

போகும்போது அண்ணாச்சி என் மேசைப் பக்கம் நின்றார். “தங்கச்சி, மெஷின் பொய் சொல்லுமா?” என்று கேட்டார். “சொல்லாது அண்ணாச்சி” என்றேன். வாய்க்கு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தபிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்கு உறைத்தது. என் மெஷின் சொன்ன ஒரு சொல்லில் ஒரு மனிதர் திருடன் ஆகிவிட்டார் பார்.

இரும்மா, திருச்சி வருகிறது. வளர்மதி, என் சித்தப்பா மகள், ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். இந்தா, பையைப் பார்த்துக்கொள், வந்துவிடுகிறேன்.

...அப்பா. மூச்சு வாங்குகிறது. பார்த்தாயா, பிளாஸ்க் நிறையக் காப்பி. டம்ளர் எடு, உனக்கும் ஊற்றுகிறேன். இரண்டு நிமிஷம் நிற்கிற வண்டிக்கு, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறாள். பைத்தியம். வந்தவள் காப்பியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, மனசுல வச்சுக்காதக்கா, ஆறாவதா உன் பேரைத்தான் வச்சிருந்தேன், அஞ்சு பேருதான்னு சொல்லிட்டாங்க” என்று கண்ணைக் கசக்குகிறாள். வண்டி நகர்ந்துவிட்டது, கூடவே ஓடி வருகிறாள். சர்க்கரை உடம்பு, ஓடலாமா? அது வேறு கதையம்மா, நேற்று நடந்தது. அப்புறம் சொல்கிறேன். முதலில் ரவை.

எங்கே விட்டேன்? ஆமாம், கெடு.

ஆதர்ஷ் என்று ஒரு பையன், எங்கள் குழுவுக்கு அவன்தான் தலைவன். தலைவன் என்றால் என் கடைசித் தங்கை மகன் வயதுதான். நல்ல பிள்ளை. ஆனால் எதைக் கேட்டாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வான். “மேடம், சேலம் மெஷின் சரியா பதில் குடுக்கல போல. ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுவோம்” என்றான். சரி என்று சேலம் கிளைக்குப் போன் போட்டேன். “அண்ணே, மெஷினைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க” என்றேன். “பண்ணிட்டேன்” என்றார். பார்த்தால் எங்கள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் கிரைண்டரை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தினவர் மறுபடி போடவும் மறந்துவிட்டார். அன்றைக்கு மத்தியானம் சேலத்தில் ஒருவருக்கும் தோசை இல்லை. அதற்கும் புகார் வந்தது. அதையும் எங்கள் மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் தேடிக் கொடுத்தது.

அப்புறம் நான் ஒன்று செய்து பார்த்தேன். ‘உப்புமா’ என்று பெயர் சொல்லித் தேடினேன். மலை மாதிரி வந்து கொட்டுகிறது, எட்டு ஊரிலிருந்தும். அதே மெஷினிடம், ‘எந்தப் பலகாரம் அதிகம் விற்றது, கூட்டி வரிசையாகச் சொல்’ என்று கேட்டால், உப்புமா எங்கோ அடியில், மதுரைக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அநாதை மாதிரி நிற்கிறது. ஒரே மெஷின். ஒரே பில். இரண்டு பதில்.

ஆதர்ஷிடம் காட்டினேன். “பேர் சொல்லித் தேடினா எல்லாக் குப்பையும்தான் வரும் மேடம். கேன்சல் பண்ணினது, புகார், உப்புமா வேணாம்னு எழுதினது, எல்லாம். கூட்டி வர்றதுதான் கணக்கு” என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் விட மனசில்லை. ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டால் இரண்டு பதில் சொல்கிற மனிதர்களோடு பழகியிருக்கிறேன். மெஷினும் அப்படி ஆனால் யாரை நம்புவது?

வியாழக்கிழமை காலையில் எங்கள் குழு முழுவதும் கீழே சாப்பிடப் போனது. ஆபீசுக்குக் கீழேதான் சென்னைக் கிளை. வெளியே மழை கொட்டுகிறது. பெரிய மேசையில் உட்கார்ந்தோம். பரிமாறுகிற மாரிச்சாமி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தான்.

“என்ன சாப்பிடறீங்க?”

ஆதர்ஷ் பூரி என்றான். ஒருத்தி பொடி தோசை என்றாள். ஒருத்தன் பொங்கல், ஒருத்தன் நெய் ரோஸ்ட், இன்னொருத்தி அடை அவியல். ஆளுக்கு ஒன்று.

“அதெல்லாம் நேரமாகும். கூட்டத்தைப் பாத்தீங்களா? உப்புமா சூடா ரெடியா இருக்கு.”

“சரி, அதையே கொண்டா” என்றான் ஆதர்ஷ். எல்லாரும் அதையே கொண்டா என்றார்கள்.

வந்தது. மேசை முழுக்க உப்புமா. மழைக்கு இதமாக இருந்தது, நெய்யும் இஞ்சியும் போட்டு, மேலே முந்திரி ஒன்றிரண்டு. யாரும் குறை சொல்லவில்லை. யாரும் பாராட்டவும் இல்லை. பேச்செல்லாம் ரவையைப் பற்றி, கையெல்லாம் ரவை. நான் இரண்டாவது தட்டு வாங்கும்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. இப்போது ஒருவன் வந்து இந்த மேசையில், ‘இந்த ஓட்டலில் உங்களுக்குப் பிடித்தது ஐந்து சொல்லுங்கள்’ என்று கேட்டால் உப்புமா வருமா? வராது. ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. ஆனால் எல்லாத் தட்டிலும் அதுதான் இருக்கிறது.

“ஆதர்ஷ், கூட்டறதுக்கு எட்டு மெஷினும் நமக்கு எத்தனை பலகாரம் அனுப்புது?” என்று கேட்டேன்.

“டாப் ஃபைவ் மேடம். அஞ்சு அஞ்சு. எனக்கு முன்னாடி இருந்தவர் அப்படி வச்சிருக்கார். அதான் வேகமா வருது. முதலாளிக்கும் ஒரே பக்கத்துல முடியும்.”

“ஆறாவதா இருக்கறது?”

பூரி கிடைக்காத முகத்தோடு என்னைப் பார்த்தான். பிறகு அவன் வாய் மெதுவாகத் திறந்தது. உப்புமா தெரிந்தது.

கை கழுவாமலே மாடிக்கு ஓடினோம். தலைமையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு மெஷினிடமும் நானே நேராகப் போய்க் கேட்டேன். ரத்து ஆனது வேண்டாம், புகார் வேண்டாம், காசு கொடுத்துச் சாப்பிட்டது மட்டும் சொல். கோயம்புத்தூரில் உப்புமா ஆறாவது. சேலத்தில் ஆறாவது. திருநெல்வேலியில் ஆறாவது. கும்பகோணம், வேலூர், திருச்சி, சென்னை, எங்கும் ஆறாவது. மதுரையில் மட்டும் எப்படியோ முண்டி ஐந்தாவது. புரிகிறதா உனக்கு? இட்லி எல்லா ஊரிலும் முதல். அதற்குச் சண்டை இல்லை. அடுத்த நாலு இடம் ஊருக்கு ஊர் வேறு. ஓர் ஊரில் பொடி தோசை என்றால் இன்னோர் ஊரில் சேவை. அந்த ஊரில் அது ராஜா, அடுத்த ஊரில் அதைச் சீந்த நாதி இல்லை. உப்புமா அப்படி இல்லை. எங்கேயும் ராஜா இல்லை. எங்கேயும் இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் ஆறாவது ஆளாக வாசலில் வந்து நிற்கிறது. ஐந்து பேரோடு கதவு சாத்திவிடுகிறது. தலைமைக்கு மதுரைக் கணக்கு மட்டும் வருகிறது. ‘ஓ, மதுரைக்காரன் மட்டும்தான் சாப்பிடுகிறான் போல’ என்று அது எழுதிவிடுகிறது. மெஷின் பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்ததைக் கூட்டியது. வராததை யார் கூட்டுவது? மற்ற சில பலகாரங்களும் இப்படித்தான் விழுந்திருந்தன. அவையெல்லாம் அரிசியும் உளுந்தும், இட்லிக் கணக்கோடு கலந்துபோனதால் யாரும் கவனிக்கவில்லை. ரவைதான் மாட்டிக்கொண்டது.

ஐந்து என்று இருந்ததை ஐம்பது என்று மாற்றினேன். அவ்வளவுதான் வேலை. ஒவ்வொருவரும் ஐம்பது அனுப்புங்கள், கூட்டின பிறகு யார் முன்னே யார் பின்னே என்று பார்க்கலாம். பொத்தானைத் தட்டினேன். பட்டியல் வந்தது. முதலில் இட்லி. அதற்கு அடுத்த வரியில் உப்புமா! எட்டு ஊரும் சேர்ந்தால் அதுதான் இரண்டாவது. ரவைக் கணக்கு மூட்டைக்கு மூட்டை சரியாக நின்றது. ஆதர்ஷ் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு ஆடினான். ஒரு தட்டு உப்புமாவுக்காக யாராவது கண் கலங்குவார்களா? நான் கலங்கினேன். வயசாகிறது.

முதலாளியிடம் கொண்டுபோனோம். ஆடிட்டர் இருந்தார், அண்ணாச்சி ஓரமாக நின்றார். நான் விளக்கிச் சொன்னேன். முதலாளி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“உப்புமாவா? என் ஓட்டல்ல உப்புமாவா ரெண்டாவது? எவன்யா அதைச் சாப்பிடறது?”

அவருடைய டிரைவர் வாசலில் நின்றவர் மெதுவாகச் சொன்னார்: “நீங்கதான் ஐயா. தினம் காலையில அதானே வாங்கிட்டு வரச் சொல்றீங்க.”

“அது பல் வலிக்காக!”

பல் வலியாம். நீ பல் டாக்டர், உனக்குத்தான் தெரியும்.

மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் முதலாளி வாயில் வராது. அதற்குப் பதிலாக ஸ்வீட் வரும். கேசரி வரவழைத்து, தன் கையாலேயே அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “வேண்டாம் ஐயா. ரவையாச்சே. பிறகு கணக்குல குறைஞ்சா என்னையத்தான் கேப்பீக.” அவ்வளவு நீளமாக அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். சொல்லி முடித்துவிட்டு ஒரு தும்மல். முதலாளி முதலில் முறைத்தார். பிறகு சிரித்தார். அறையே சிரித்தது. மகளுடைய தலைதீபாவளிக்கு அண்ணாச்சி என்னையும் கூப்பிட்டார், போய்விட்டு வந்தேன்.

இதுதான் ரவைக் கதை. காப்பி ஆறிப்போச்சா? குடி.

நேற்றைய கதையா? அது ஒன்றும் இல்லையம்மா. சொன்னால் நான் ஏதோ ஏங்கிப்போய்விட்ட மாதிரி இருக்கும். எனக்கு அப்படியெல்லாம் கிடையாது. அண்ணனுக்கு ஆசை, மணிவிழாவில் குடும்பத்துக்காக உழைத்தவர்களுக்கு மேடையில் பொன்னாடை போட வேண்டும் என்று. யாருக்குப் போடுவது? சொந்தத்தில் எட்டு வீடு. ஒன்றைக் கேட்டு ஒன்றை விட்டால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சு நின்றுபோகும். நான்தான் யோசனை சொன்னேன். வீட்டுக்கு ஐந்து பேர் சொல்லட்டும், எல்லாவற்றையும் கூட்டுவோம், முதல் பத்துப் பேருக்குப் போடுவோம். ஐந்து என்று வைத்ததும் நான்தான். வைக்காவிட்டால் ஆளாளுக்கு இருபது பெயர் அனுப்புவார்கள், பந்தி ஆறிப்போகும். வாட்ஸ்அப்பில் எல்லா வீட்டிலிருந்தும் வாங்கி, கூட்டிக் கொடுத்ததும் நான்தான். இந்த மாதிரி வேலை எங்கள் வீட்டில் வேறு யாரிடம் போகும்?

ராசாத்திப் பெரியம்மா எல்லா வீட்டிலும் முதல். தொண்ணூறு வயது. அதற்குச் சண்டை இல்லை. மற்ற நாலு பேர் வீட்டுக்கு வீடு வேறு. பரமக்குடியில் அவர்கள் தாத்தா. காரைக்குடியில் அவர்கள் மாமா. எனக்கு ஒரே ஓட்டு. திண்டுக்கல்லில் என் தங்கை மட்டும் போட்டிருந்தாள். தங்கை என்றால் போடத்தானே செய்வாள்? பட்டியலில் எங்கோ அடியில் நின்றேன். சரி, கூட்டினால் வந்தது அதுதான். கணக்கு கணக்குதானே. என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

நியாயமாகப் பார்த்தால் நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன், சொல். பரமக்குடியில் முதல் பிரசவத்துக்கு ஆள் இல்லை, போய் இருந்தேன். தேனி மாமாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கொண்டேன். வளர்மதிக்குப் பரீட்சையில் கணக்கு வரவில்லை, கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். சிவகாசியில் பெண் பார்க்க வந்த அன்று சமையல்காரன் வரவில்லை, நான் கரண்டியைப் பிடித்தேன். இதெல்லாம் ஒரு உழைப்பா? கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. யார் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு ரெடியாக இருக்கிறவள், அவ்வளவுதான். பத்துப் பேரும் மேடையில் வரிசையாக நின்றபோது நானும் கீழே நின்று கை தட்டினேன். தட்டும்போது கை வலிக்கவே இல்லை. பிறகுதான் வலித்தது.

அது போகட்டும். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆறுதல் படலம்! பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், தேனி மாமி வந்து காதில் சொல்கிறாள்: “ஏ பூரணம், ஆறாவதா உன் பேருதான் இருந்துச்சு தாயி.” கை கழுவப் போனால் காரைக்குடிக்காரி. “மதினி, சத்தியமா ஆறாவது நீங்கதான்.” சிவகாசியில் அண்ணி முறை ஒருத்தி, அவளும் ஆறாவது. பரமக்குடிப் பையன் நெடுஞ்செழியன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, “அத்தை, அஞ்சுக்கு பதிலா ஆறுன்னு சொல்லியிருந்தா உங்க பேரு வந்திருக்கும்” என்கிறான். வளர்மதியை நீயே பார்த்தாய். எல்லாருக்கும் அந்த ஆறு எங்கிருந்துதான் கிடைத்ததோ! ஏழு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசிவைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்கிறார்கள். பொய் சொல்கிறவர்கள் கொஞ்சம் மாற்றியாவது சொல்லக்கூடாதா? ஒருத்தி ஏழாவது என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன்.

ஏம்மா சிரிக்கிறாய்? புரை ஏறப்போகிறது, காப்பியைக் கீழே வை.

என்ன, உப்புமாவா? உப்புமாவுக்கும் இதற்கும் என்னம்மா சம்பந்தம்? அது மெஷின். அதற்கு நல்லது கெட்டது தெரியாது, கேட்ட அளவுக்குத்தான் சொல்லும். இவர்கள் மனிதர்கள். மனதில் இருந்தால் முதல் ஐந்துக்குள் வராதா?

அட, என்ன பெண் நீ, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரியா சிரிப்பது!

இரு, போன் அடிக்கிறது. மேகலை. அண்ணன் மகள், நேற்று ராத்திரி பஸ்ஸிலேயே சென்னைக்கு வந்துவிட்டாள்... ஹலோ... எங்கே? தாம்பரம் ஸ்டேஷனிலா? உனக்கு ஆபீஸ் இல்லையா?... ஸ்கூட்டரிலா? எட்டுப் பை இருக்கு என்கிட்டே!... சரி, நில்லு. நில்லு, வர்றேன்.

பார்த்தாயா. எல்லாரும் ஆபீசில் இருக்கிற நேரம்... மறுபடியும் அடிக்கிறது. இது யார்? பெரியப்பா பேரன் திருமாறன்... என்னப்பா?... தாம்பரத்திலா? காரா? யாருடா உன்னை வரச் சொன்னது?... பாவமா? நான் என்ன பாவம்? வேறு யாரும் வர மாட்டார்கள் என்று நீயே எப்படி முடிவு பண்ணினாய்?... சரி, வை, வண்டி வேகம் குறைகிறது.

எழுந்திரும்மா, நீயும் தாம்பரம்தானே? அந்தப் பையைக் கொடு. அதை இப்படி... பார்த்து, மாவடு. அய்யய்யோ, ஜன்னல் வழியே பார், பிளாட்பாரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார் இல்லை? தவசிமுத்து அண்ணாச்சி! கிடங்கு வண்டியைக் கொண்டுவந்து வெளியே நிறுத்தியிருப்பார், ரவை மூட்டையோடு. பூந்தமல்லி எங்கே, தாம்பரம் எங்கே. மதுரையிலிருந்து இந்த வண்டியில் வருகிறேன் என்று போன வாரம் எப்போதோ வாய்தவறிச் சொன்னேன், அதை வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதோ மேகலை, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அதோ அந்தப் பயல். மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் தெரியாமல், நான் எந்தப் பெட்டியில் வருகிறேன் என்று ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு.

இந்தா, ஒரு மாவடுப் பையை நீ வைத்துக்கொள். வேண்டாம் என்று சொல்லாதே, இன்னும் மூன்று இருக்கிறது. வீட்டுக்கு எப்படிப் போவாய்? ஆட்டோ எதற்கு? என்னோடு வா. ஒரு மனுஷிக்கு ஸ்கூட்டர், கார், ரவை வண்டி, மூன்று வந்து நிற்கிறது. ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்களா? பாரேன் கூத்தை. என்னைச் சுற்றி ஒருத்தருக்கும் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை.